எட்டு ரூபாய் ஸ்குரூவுக்காக ஒரு சண்டை



பதிவு நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என் மேலேயே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாங்கனித் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவன். பெயர் வேண்டாம். காரைக்கால் கடற்கரையிலும் சுற்றுவட்டாரத் திருவிழாக்களிலும் பலூன் சுடும் கடை போடுகிறான். உங்களில் பாதிப் பேர் அவனிடம் சுட்டிருப்பீர்கள், பலூன் உடையாமல் அவனைத் திட்டியும் இருப்பீர்கள். பழைய சேலையில் சுற்றி எதையோ கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். அவன் அப்பா காலத்துக் காற்றுத் துப்பாக்கி. குழலை மடக்கிக் காற்றேற்றுகிற வகை. கம்பெனிப் பெயர்கூடத் தேய்ந்துபோயிருந்தது.

"கட்டை ஆடுது சார். பத்துக் குண்டு போட்டா பத்தும் பத்துப் பக்கம் போவுது. குறியை வளைச்சு வச்சி ஏமாத்துறான்னு பசங்க சண்டைக்கு வர்றானுவ. போன வாரம் ஒரு குரூப் சுட்டுட்டுக் காசே கொடுக்காமப் போயிட்டானுவ. மாங்கனிக்குக் கடை போட்டாத்தான் சார் புள்ளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை எடுக்கணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பழசாயிடுச்சுப்பா. புதுசா ஒண்ணு வாங்கிடு" என்றேன்.

அவன் சிரித்தான். "புதுசு ஆறாயிரம் சொல்றாங்க சார். இதுல ஒரே ஒரு ஸ்குரூதான் சார் இல்ல."

அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விட்டபாடில்லை. அவனைக் கையோடு உட்காரச் சொல்லிவிட்டுச் சேலையைப் பிரித்தேன்.

இந்த வகைத் துப்பாக்கியில் இரும்புப் பாகத்தையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிப்பது மூன்று நாலு ஸ்குரூதான். முன்பக்கம் இடமும் வலமும் ஒவ்வொன்று, விசையைச் சுற்றிய வளையத்தில் ஒன்றோ இரண்டோ. விசையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் சுருள்வில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கோடியில் அழுந்திய காற்று பிஸ்டனை நிறுத்தும்போது மறுபடி முன்னால் உதறும். ஒரே சுடலில் எதிரெதிராக இரண்டு அதிர்ச்சி. நியூட்டனின் மூன்றாம் விதியை வருஷா வருஷம் பாடமாக நடத்தினேனே, அதேதான். இந்த உதறலில் ஸ்குரூ தானாகத் தளரும். தளர்ந்ததை யாரும் பார்க்காவிட்டால் ஒருநாள் கடற்கரை மணலில் விழுந்து காணாமல் போகும். கட்டை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் உட்கார்ந்தால் குறி எப்படி நிற்கும்? அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் துப்பாக்கியில் ஒரு ஸ்குரூ இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு ஸ்குரூவுக்கு அவன் அலைந்த கதையைக் கேளுங்கள்.

முதலில் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் ஓட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு "ரெண்டு நூல்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவன் திருகினான். ரெண்டு சுற்று ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவான் "ஸ்பேனர் போட்டு இறுக்குடா" என்றிருக்கிறான். நல்லவேளை, மனசு கேட்காமல் கழற்றிவிட்டான்.

அடுத்தது வெளியூரில் துப்பாக்கிச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போன். "தனியா ஸ்குரூ கிடையாது. கட்டையோட முழு செட்டா வாங்கிக்கோ." விலை ரெண்டாயிரத்துச் சொச்சம். எட்டு ரூபாய் ஸ்குரூவுக்கு ரெண்டாயிரம் ரூபாய்க் கட்டை!

அன்று ராத்திரி பிரான்சில் இருக்கும் என் பெரியம்மா மகனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். காரைக்காலில் யாருக்குத்தான் பிரான்சில் ஒரு சொந்தம் இல்லை! அண்ணன் தேடிப் பார்த்துவிட்டு, "செட்டு கெடைக்குதுடா, ஆனா ஸ்குரூ வெலையைவிடத் தபால் செலவு ஜாஸ்தி. வர மூணு வாரம் ஆவும்" என்றார். திருவிழாவோ மூன்று நாளில்.

இனிமேல்தான் என் சண்டை. மூன்று பேரோடு சண்டை. மூன்றாவது ஆள் நான்.

முதல் சண்டை, "முழுசா மாத்திடுங்க" என்கிறவர்களோடு.

இது துப்பாக்கியோடு நிற்கிற வியாதி இல்லை. மிக்சி ஜாரின் கப்ளர் போனால் ஜாரையே மாற்று. மின்விசிறி ரெகுலேட்டரின் குமிழ் உடைந்தால் ரெகுலேட்டரையே மாற்று. குக்கர் கைப்பிடி ஸ்குரூ விழுந்தால் குக்கரையே பழைய இரும்புக்குப் போடு. உங்கள் வீட்டுப் பரணில் ஒரே ஒரு ஸ்குரூவுக்காக முடங்கிக் கிடக்கும் சாமான் எத்தனை என்று இன்றைக்கு ஏறி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். என் வீட்டில் நாலு.

விற்கிறவனுக்கு முழுசாக விற்பதில் லாபம், அது புரிகிறது. எனக்குக் கோபம் தயாரிப்பாளர் மேல். பெட்டிக்குள் பன்னிரண்டு மொழியில் எச்சரிக்கை அச்சடிக்கிறீர்கள். 'இந்தச் சாமானில் உள்ள ஸ்குரூ இன்ன விட்டம், இன்ன மரை, இன்ன நீளம்' என்று ஒரு வரி அச்சடிக்க மை இல்லையா? அந்த ஒரு வரி இருந்தால் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் வாங்கிவிடலாம். வாங்கிவிடக்கூடாது என்பதுதானே கணக்கு?

பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன் முதலிய மின்னணுப் பொருள், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு வகை. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் பலூன் கடைக்காரனின் துப்பாக்கி எந்த வகையிலும் வராது. ஏழையின் கருவிகள் பட்டியலில் ஏறக் காலமாகும். அதுவரை நம் கையும் கண்ணும்தான் நமக்குச் சட்டம்.

இங்கே ஒரு மாணவர் கேட்பார், எனக்குத் தெரியும்: "சார், துப்பாக்கி ஆச்சே, பாகம் கண்ட இடத்தில் கிடைக்கலாமா?" நியாயமான கேள்வி. வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் நானும் உங்கள் கட்சி. 1959 ஆயுதச் சட்டப்படி அதைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். அதில் யாரும் கை வைக்காதீர்கள். ஆனால் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமமே தேவையில்லை. துப்பாக்கிக்கே உரிமம் வேண்டாதபோது அதன் கட்டை ஸ்குரூவுக்கு என்ன ரகசியம்?

இன்னொன்றும் சொல்கிறேன். என்.சி.சி.யில் இருந்த பிள்ளைகளுக்கு .303 ரைபிள் ஞாபகம் இருக்கும், தூக்கவே தோள் வலிக்கும். வங்காளத்தில் ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த பல ரைபிள்களில் முன்கட்டை மரத்தின் குறுக்கே ஒரு ஸ்குரூ போயிருக்கும். அது மூல வடிவமைப்பில் கிடையாது. மரம் பிளந்துகொள்ளாமல் இருக்க நம் ஆட்கள் பிற்பாடு சேர்த்தது. உலகம் முழுக்கப் பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதற்கு 'ஈசாப்பூர் ஸ்குரூ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பலவீனமான இடம் எது என்று பார்த்து, ஒரு ஸ்குரூவைக் குறுக்கே விட்டு, ஒரு துப்பாக்கியின் ஆயுளைக் கூட்டியவன் இந்தியத் தொழிலாளி. அந்த நாட்டில்தான் இன்று கடைக்காரர் "கட்டையோட மாத்திடு" என்கிறார்.

இரண்டாவது சண்டை, "ஏதோ ஒண்ணைப் போட்டு இறுக்கு" என்கிறவர்களோடு.

முதல் ஆள் பணத்தைக் கெடுக்கிறான் என்றால் இவன் பொருளையே கெடுக்கிறான். மலிவாக வாங்குவது வேறு, கிடைத்ததைத் திணிப்பது வேறு. நம் தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அதன் வழக்கமான விட்வொர்த் மரை அங்குலத்துக்கு 20. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையில் 1.27 மில்லிமீட்டர். எம் 6 என்கிற மெட்ரிக் ஸ்குரூவுக்கு விட்டம் 6 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் ஓட்டையில் மற்றதைத் திணித்தால் மரை செத்துவிடும். மரை கழன்ற கேஸ் என்று மனுஷனைச் சொல்கிறோமே, இரும்புக்கும் அதே கதிதான்.

இந்தக் குழப்பம் பழசு. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிய காலம் ஒன்று இருந்தது. போல்ட் தொலைந்தால் செய்த பட்டறைக்கே போக வேண்டும். ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841இல் எல்லோருக்கும் ஒரே மரை என்று ஒரு திட்டம் வைத்தார். சின்ன ஸ்குரூக்களுக்கு 1884இல் பி.ஏ. என்றொரு அளவு வந்தது. கணக்குப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஜீரோ நம்பருக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர், ஒவ்வொரு நம்பருக்கும் முந்தியதில் 0.9 பங்கு. அசல் பெருக்குத் தொடர்! சுவிட்சர்லாந்து அளவிலிருந்து எடுத்ததால் ஆங்கிலேயன் ஸ்குரூவாக இருந்தும் கணக்கெல்லாம் மில்லிமீட்டரில். ஜீரோ பி.ஏ.வின் விட்டமும் 6 மில்லிமீட்டர். எம் 6க்கு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். ஆனால் மரையின் கோணம் அதில் 47½ பாகை, இதில் 60. பழைய ஆங்கிலேயச் சாமானை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மீட்டரை உலகத்துக்குக் கொடுத்த பிரான்சு 1739 முதல் 1954 வரை இருந்த ஊர் நம் ஊர். இந்தியா 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் போட்டது. இன்றைக்கும் நம் கடைத்தெருவில் ஒரே பொருளுக்கு மூன்று பாஷை. டூவீலர் மெக்கானிக் ஸ்பேனர் அளவை வைத்துப் 'பத்து நம்பர் போல்ட்' என்பார். லேத் பட்டறையில் 'சிக்ஸ் எம்எம்'. தச்சரும் ஹார்டுவேர் கடைக்காரரும் உத்தேசமாக 'ரெண்டு நூல்'. இந்த உத்தேசத்தில்தான் ஏழையின் சாமான் சாகிறது.

மூன்றாவது சண்டை என்னோடு.

முப்பத்துநாலு வருஷம் இயற்பியல் நடத்தினேன். திருகு அளவி என்று ஒரு கருவி, ஞாபகம் இருக்கிறதா? புரியிடைத் தூரம், தலைக்கோல், மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். செய்முறைத் தேர்வில் கம்பியின் விட்டத்தை அளந்து நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். அந்தப் 'புரியிடைத் தூர'மும் பட்டறையில் சொல்லும் 'மரை'க் கணக்கும் ஒன்றுதான் என்று ஒரு நாளாவது சொன்னேனா? சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்குரூவை எடுத்து "இதன் மரையை அள" என்று ஒரு நாளாவது சொன்னேனா? இல்லை. பாடநூல் என்ற நூல் தெரிந்த எனக்கு ரெண்டு நூல், மூன்று நூல் என்ற நூல் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கையில் கிரீஸ் படுகிற வேலை படிக்காதவன் வேலை என்ற திமிர் எனக்கும் இருந்தது. நூறு மார்க் வாங்கிய பிள்ளைகளை அனுப்பிவைத்தேன். எட்டு ரூபாய் ஸ்குரூவை அடையாளம் காணத் தெரியாத நூறு மார்க். ஒன்பதாவதில் நின்றவன் வந்துதான் "ஒரே ஒரு ஸ்குரூதான் சார் இல்ல" என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

சரி, புலம்பல் போதும். என்ன செய்தோம் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் குழலை மடக்கி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டோம். இதை யாரும் மறக்காதீர்கள். பிறகு மறுபக்கம் மிச்சமிருந்த ஸ்குரூவைக் கழற்றினோம். தொலைந்ததன் ஜாதகம் அதில்தானே இருக்கிறது? பேரனின் வெர்னியரில் விட்டம் 5.9. பத்து மரைக்கு நீளம் 10 மில்லிமீட்டர், ஆக ஒரு மரைக்கு 1. எம் 6 ஆக இருக்கலாம், ஜீரோ பி.ஏ.வாகவும் இருக்கலாம்.

இருவரும் வண்டியில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடைக்குப் போனோம். நம் ஊர் பைக்குகளின் இன்ஜின் கவரை மூடுவது பெரும்பாலும் எம் 6தான். புதிதாக ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கெடாத ஓட்டையில் ஸ்பேனர் இல்லாமல் விரலால் திருகிப் பார்த்தோம். கடைசி வரை வழவழவென்று போனது, ஆட்டமும் இல்லை. எம் 6 என்று முடிவானது. மரையைச் சோதிக்க விரலைவிட நல்ல கருவி கிடையாது. விரலுக்குப் போகாததை ஸ்பேனரால் போக வைக்காதீர்கள்.

அடுத்து ரெண்டு நூல் ஏறிக் கெட்ட ஓட்டை. லேத் பட்டறையில் எம் 6 டேப்பை எண்ணெய் விட்டு மெல்ல ஓட்டினார்கள். மேலே ரெண்டு மரைதான் காயம், உள்ளே நன்றாகவே இருந்தது. பிறகு கூம்புத் தலை உள்ள எம் 6 அலன் ஸ்குரூ ரெண்டு, அதற்குக் கிண்ண வாசர் ரெண்டு. கடல்காற்றில் கறுப்பு ஸ்குரூ சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் எவர்சில்வர் கேட்டு வாங்கினோம். ஸ்குரூ எட்டு ரூபாய், வாசர் ரெண்டு ரூபாய்.

நீளம் அதிகமாக இருந்தது. நீளம் கூடினால் உள்ளே காற்றேற்றும் கம்பியில் இடிக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு நட்டை மாட்டிக்கொண்டு, நட்டுக்கு வெளியே ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, பிறகு நட்டைக் கழற்றினால் வெட்டுவாயில் நசுங்கிய மரையை நட்டே நேராக்கிவிடும். பட்டறைப் பையன் சொல்லித்தந்தது இது. எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

மாட்டும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். அலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்து ரெண்டு விரல் பலம்தான். அதற்கு மேல் இறுக்கினால் மரம் நசுங்கும். உதறலில் கழலாமல் இருக்க மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. என் மனைவி பாட்டிலை எடுத்துக் கொடுத்தபோது பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மொத்தக் கணக்கு: ஸ்குரூ 16, வாசர் 4, பட்டறைக் கூலி 50. எழுபது ரூபாய். ரெண்டாயிரமும் வேண்டாம், ஆறாயிரமும் வேண்டாம்.

மாங்கனி அன்று அம்மையார் கோயில் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நானும் போயிருந்தேன். மாடியிலிருந்து விழுந்த மாம்பழம் ஒன்று தோளில் பட்டது, பிடிக்க முடியவில்லை. அவன் கடையில் நின்று பத்துக் குண்டு சுட்டேன். ஆறு பலூன் உடைந்தது. மீதி நாலுக்குத் துப்பாக்கி மேல் பழி போட முடியாத நிலைமை. காசு வாங்க மாட்டேன் என்றான். "வாங்குடா, ஸ்குரூ விலை" என்று கையில் திணித்துவிட்டு வந்தேன்.

இப்போது உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கோவையிலும் கம்பெனிகளில் பெரிய பதவியில் இருக்கும் என் பிள்ளைகளே: நீங்கள் செய்கிற சாமானின் கையேட்டில் ஸ்குரூ அளவை ஒரு வரி போடுங்கள். முடியாது என்று மேலதிகாரி சொன்னால், ஏன் முடியாது என்று ஒரு தடவையாவது கேளுங்கள்.

ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளே: திருகு அளவிப் பாடம் வரும் அன்றைக்கு ஒரு பை நிறைய ஸ்குரூ வாங்கிப் போங்கள். ஐம்பது ரூபாய் ஆகும். கம்பியை மட்டும் அளக்க வைத்து நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

உள்ளூரில் இருப்பவர்களே: இந்த வாரம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் ஒரு வெர்னியரும் ஒரு மரை அளவு கேஜும் இருக்கும், நானும் இருப்பேன். பரணில் கிடக்கும் சாமானைக் கொண்டுவாருங்கள். ஸ்குரூ என்னிடம் இல்லை. என்ன ஸ்குரூ என்று சேர்ந்து கண்டுபிடிப்போம். வாங்குவது உங்கள் பாடு.

டீ உண்டு.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்